செலினியம் எண்ணினால் 0, கண்ணால் பார்த்தால் 12: உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்துக்காக ஒரு புத்தகப் பட்டியல் பக்கம் செய்கிறேன். பக்கம் திறந்ததும் ஜாவாஸ்கிரிப்ட், ஃபெட்ச் என்ற கட்டளை மூலம் ஜேசன் என்ற தரவுக் கோப்பை வாங்கி 12 புத்தகங்களையும் வரிகளாகச் சேர்க்கும். குரோமில் 12 வரியும் தெரிகின்றன. பைத்தானில் செலினியம் (பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) வைத்து வரிகளை எண்ணினால் 0. பிழைச் செய்தியும் இல்லை. டைம் ஸ்லீப் (சும்மா காத்திருக்கச் சொல்லும் கட்டளை) 3 நொடி போட்டதும் சரியானது, ஆனால் நூலகத்தின் பழைய கணினியில் மறுபடியும் 0. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

மறுமொழி 1:
முதலில் குரோமில் வியூ சோர்ஸ் பாருங்கள், காலி டிவ் (பக்கத்தில் வரிகள் சேரும் பெட்டி) மட்டும் இருக்கும். அது சர்வர் அனுப்பியது. இன்ஸ்பெக்ட் போட்டால் 12 வரியும் இருக்கும். அது ஸ்கிரிப்ட் ஓடிய பிறகு உள்ள டாம், அதாவது பிரவுசர் இப்போது வைத்திருக்கும் பக்க அமைப்பு. செலினியம் பார்ப்பதும் இதைத்தான். ஆனால் பக்கத்தைத் திறக்கும் அதன் கெட் கட்டளை, பக்கம் ஏறியதும் பிரவுசர் தரும் லோட் நிகழ்வு வரைதான் காத்திருக்கும். உங்கள் ஃபெட்ச் அதற்குப் பிறகு முடிகிறது. வரிகளைத் தேடும் ஃபைண்ட் எலிமென்ட்ஸ் கட்டளை, ஒன்றும் கிடைக்காவிட்டால் பிழை காட்டாது, காலிப் பட்டியலைக் கொடுத்துவிடும். ஸ்லீப்பை எடுத்துவிட்டு வெப்டிரைவர் வெயிட் 10 நொடி போடுங்கள். அரை நொடிக்கு ஒருமுறை பார்க்கும், வரி கிடைத்த உடனே அடுத்த வேலைக்குப் போய்விடும்.

கேட்டவர்:
போட்டேன் அண்ணா. 0 போய்விட்டது. ஆனால் ஒரு தடவை 1, ஒரு தடவை 4 என்று வருகிறது.

மறுமொழி 2:
வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் லூப்புக்குள் அவெய்ட் (ஒரு வேலை முடியும்வரை நிற்கச் சொல்வது) இருக்கிறதா? இல்லையென்றால் 12 வரியும் ஒரே மூச்சில் சேர்ந்துவிடும், பாதியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

கேட்டவர்:
ஆமாம், ஒவ்வொரு அட்டைப் படத்தையும் அவெய்ட் போட்டு வாங்கிய பிறகே வரியைச் சேர்க்கிறேன்.

மறுமொழி 2:
அதுதான் காரணம். முதல் வரி வந்ததுமே உங்கள் வெயிட் முடிந்துவிடுகிறது. எண்ணிக்கை 12 ஆகும்வரை காத்திருக்கச் சொல்லலாம், ஆனால் நாளைக்கு 13வது புத்தகம் வந்தால் சோதனை உடையும். லூப் முடிந்ததும் டிவ்வில் ‘தயார்’ என்று ஒரு டேட்டா பண்பு (கண்ணுக்குத் தெரியாத குறிப்பு) வைக்கச் சொல்லி, அதற்குக் காத்திருப்பதே நல்லது. எண்ணிப் பார்ப்பதற்கு, மாறாத 12 புத்தகங்களோடு தனி ஜேசன் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கோப்பு இல்லாமல் 404 வந்தாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கொள்ளாது. ரெஸ்பான்ஸின் ஓகே மதிப்பை நீங்களே பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு சோதனை எழுதிவிடுங்கள்.

கேட்டவர்:
பழைய கணினியில் 20 தடவை ஓட்டினேன், எல்லாத் தடவையும் 12. கோப்பின் பெயரை மாற்றிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது போலவே பக்கம் வெறுமையாக நின்றது. அங்கே ‘பட்டியல் கிடைக்கவில்லை’ என்று காட்ட இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.