மலைமேல கிறிஸ்துமஸ்: பரிசு கேட்டா இதைக் கேளுங்க

ஊட்டி, ஃபெர்ன்ஹில்:
"என்ன வேணும்?"னு கோயம்புத்தூர் சொந்தங்கள் கேட்கிற சீசன் வந்தாச்சு. பேர் சொல்லிக் கேட்கலைன்னா இன்னொரு காபி கப்தான் வரும்! என் பட்டியல்ல முதல் பொருள், கேக் சுடுற ஓவனுக்குள்ள வைக்கிற தெர்மாமீட்டர். ஓ.டி.ஜி-ன்னு சொல்ற சின்ன மின்சார ஓவன் திருகுல 160 டிகிரி வெச்சாலும் உள்ளே 140-ஆ 180-ஆன்னு அதுக்கே தெரியாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காத்தழுத்தம் குறைவா இருக்கிறதால மாவுக்குள்ள வாயு சீக்கிரம் விரியும். கேக் வெந்து இறுகுறதுக்குள்ள பொங்கி, நடுவுல குழி விழுந்துடும். கீழ்நாட்டுக் குறிப்புல பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன்னா இங்கே முக்கால் போதும். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் குறைச்சு, ஆரஞ்சு ஜூஸோ பாலோ 2 டேபிள்ஸ்பூன் கூட்டுங்க.

ரெண்டாவது, கிராம் தராசு. பிளம் கேக்குக்கு மைதா 250, வெண்ணெய் 250, சர்க்கரை 200, ஊற வெச்ச உலர் பழம் 500 கிராம், முட்டை 5. பழத்தை நல்லா வடிகட்டி, அந்த மைதாவுலயே ஒரு கைப்பிடி எடுத்துப் பிரட்டிப் போடணும். ஈரத்தோட போட்டா அத்தனையும் அடியில போய் உட்கார்ந்துக்கும்.

கொடைக்கானல், நாயுடுபுரம்:
அக்கா, முட்டையை விட்டுட்டீங்களே. டிசம்பர்ல அடுப்படி மேடையில வெச்ச முட்டையும் ஃப்ரிட்ஜ் முட்டை மாதிரிதான் சில்லுன்னு இருக்கும். குழைச்ச வெண்ணெயில அதை அப்படியே உடைச்சு ஊத்தினா திரிதிரியாப் பிரிஞ்சிடும். ஓட்டோட வெதுவெதுப்பான தண்ணியில 10 நிமிஷம் போட்டு எடுத்து, ஒவ்வொண்ணா அடிங்க. பிரிஞ்சே போச்சுன்னா, எடுத்து வெச்ச மைதாவுல ஒரு ஸ்பூன் தூவி அடிச்சா கூடிவரும்.

நான் கேட்கிறது ஸ்டார் இல்லை, அதுக்கு வேண்டிய வயர். வெளியில போடத் தகுந்த, நடுவுல ஒட்டே இல்லாத ஒரே நீள வயர், ஒரு எல்.இ.டி பல்பு, கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி சுவிட்ச். இங்கே ராத்திரி முழுக்க மஞ்சு இறங்கும். இன்சுலேஷன் டேப் சுத்தின ஒட்டுல ஈரம் ஏறினா அடிக்கடி டிரிப் ஆகும், ஆர்.சி.சி.பி இல்லாத வீட்டுல ஷாக்கே அடிக்கும். ஹோல்டர் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வயரை ஹோல்டருக்குக் கீழே வளைச்சு விட்டு மேலே ஏத்துங்க, சொட்டுற தண்ணி வளைவுலயே விழுந்துடும். பேப்பர் ஸ்டார் தாழ்வாரத்துக்கு உள்ளே மட்டும்தான்.

குன்னூர்:
குளிருக்கு ஹீட்டர் கேட்கிறவங்க உள்ளே எண்ணெய் அடைச்ச மின்சார ஆயில் ஹீட்டரா கேளுங்க. 2,000 வாட்ஸுக்கு 16 ஆம்ப் பிளக் பாயின்ட் வேணும். சாதாரண 6 ஆம்ப் பாயின்ட்ல எக்ஸ்டென்ஷன் போட்டா பிளக் உருகும். கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்தவே சாத்தாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். சுடுதண்ணிப் பை மலிவு, அதுவே போதும்னு எனக்குத் தோணும். கொதிக்கிற தண்ணி வேண்டாம்; முக்கால் பாகத்துக்கும் குறைவா ஊத்தி, காத்தை அமுக்கி வெளியேத்திட்டு மூடுங்க.

ஊட்டி, ஃபெர்ன்ஹில்:
ஆமா தம்பி, ஹீட்டர் பக்கத்துல கிறிஸ்துமஸ் மரத்தை வைக்கக் கூடாதுன்னும் சேர்த்துக்கோங்க. காட்டுல பைன் கிளை வெட்டினா வனத்துறை கேஸ். நர்சரியில தொட்டியோட அரக்கேரியா (கிறிஸ்துமஸ் மரம் மாதிரியே இருக்கிற செடி) வாங்கித் தரச் சொல்லிக் கேட்கலாம், வருஷா வருஷம் அதே மரம். மேல்மண் ஒரு இஞ்ச் காஞ்ச பிறகு மட்டும் தண்ணி. சிவப்பு இலை பாயின்செட்டியா செடி கேட்டா உறைபனிக்கு ஒரு சாக்கும் சேர்த்துக் கேளுங்க, மூடாம விட்டா ஒரே ராத்திரியில இலை கருகிடும். தாவரவியல் பூங்காவுல மிலார் செடியை வெட்டி வந்து மூடுவாங்க, அதுவும் நல்லா நிக்கும்.

பரிசைச் சுத்துறதுக்கு பிளாஸ்டிக் உறை வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, செக்போஸ்ட்ல பிடுங்கிடுவாங்க. சொந்த வண்டியில வர்றவங்களுக்கு இ-பாஸ் (மலைக்கு வர ஆன்லைன்ல எடுக்கிற அனுமதிச் சீட்டு) ஞாபகப்படுத்துங்க. 2024 மே 7-ல ஆரம்பிச்சது, ஊட்டிக்கும் கொடைக்கும் உண்டு. அரசு பஸ்ல வந்தா அந்தத் தொல்லை இல்லை.