டாக்கா, ஜூலை 2024: அங்கே இருந்தவர்கள் எழுதுங்கள்

பனியன் ஊர்க்காரன்:
டோங்கியில் கார்மென்ட்ஸ் வேலை, வீடு உத்தராவில். ஜூலை 18, மாணவர் போராட்டத்தின் முழு அடைப்பு நாள், எப்படி இருந்தது என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. வண்டி ஓடவில்லை, நடந்தே திரும்பினேன். அஜம்பூரில் கண்ணீர்ப்புகை. கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒரு பையன் என்னைச் சந்துக்குள் இழுத்து, டூத்பேஸ்டைப் பிதுக்கி ஒரு கண்ணுக்குக் கீழே தடவினான். என் அரைகுறை வங்காளத்தைக் கேட்டதும் கை நின்றது. "இந்தியாவா பாய்? ஓட்டுப் போட்டீங்களா?" ஏப்ரலில் ஊருக்குப் போய்ப் போட்டேன் என்றேன். "எனக்கு 24 வயசு. 2018-ல காலையில போனா, உன் ஓட்டு விழுந்தாச்சுன்னாங்க. இந்த ஜனவரியில எதிர்த்து நின்ன டம்மியும் ஆளுங்கட்சி ஆளே. மறுநாளே உங்க பிரதமர் வாழ்த்துச் சொல்லிட்டார்." சொல்லிவிட்டு அடுத்த கண்ணுக்கும் தடவிவிட்டான். எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

குமில்லா மெடிக்கோ:
அண்ணா, போராட்டம் தேர்தலுக்காக இல்லை, அரசு வேலைக் கோட்டாவுக்காக. 1971 விடுதலை வீரர்களின் வாரிசுகளுக்கு 30 சதவீதம் என்று ஜூன் 5-ல் ஹைகோர்ட் திரும்பக் கொண்டுவந்ததுதான் ஆரம்பம். எங்கள் ஹாஸ்டல் அக்காவின் தாத்தா 1971-ல் சண்டை போட்டவர். கோட்டாவால் அவளுக்கு லாபம்தான். ஆனால் ஜூலை 14-ல் அப்போதைய பிரதமர் ஹசீனா 'ரசாக்கார்' (1971-ல் பாகிஸ்தான் ராணுவத்துக்குத் துணைபோனவர்கள்) பேச்சைப் பேசிய ராத்திரி, சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வராந்தாவில் முதல் ஆளாகத் தட்டியது அவள். தட்டு நசுங்கியே போனது. மறுநாள் அதிலேயே சாப்பிட்டாள்.

மிர்பூர்வாசி:
எனக்குப் பெரிய கதை இல்லை. இன்டர்நெட் போனதும் பிரீபெய்டு மின்சார மீட்டரில் பணம் தீர்ந்தது, போனில் ரீசார்ஜ் ஆகவில்லை, வெயிலில் வரிசையில் நின்றேன், ஃபிரிட்ஜில் இருந்த மீன் நாறிவிட்டது. இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மீட்டரில் எப்போதும் ஒரு மாதத்துக்கு மிச்சம் வையுங்கள். பிகாஷ் மொபைல் பணத்தை நம்பாதீர்கள், கையில் வங்கதேச நோட்டு இருக்கட்டும், கொஞ்சம் டாலரும். பாஸ்போர்ட், விசா பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துத் தனிப்பையில் வையுங்கள். தூதரகத்தில் பெயர் பதியுங்கள். வீட்டு நம்பர்களைத் தாளில் எழுதுங்கள், வாட்ஸ்அப் போனால் பாதிப் பேருக்கு அம்மா நம்பரே தெரியாது. அப்புறம் தங்கச்சி, 2014-ல் 153 தொகுதியில் போட்டியே இல்லாமல் ஜெயித்தார்கள். அந்தக் கோபம் எங்கே போகும்?

பனியன் ஊர்க்காரன்:
அதேதான். ஜூலை 21-ல் சுப்ரீம் கோர்ட் மொத்தக் கோட்டாவை 7 சதவீதமாக்கிவிட்டது. கோட்டா மட்டும்தான் என்றால் ஹசீனா நாட்டை விட்டு ஓடிய ஆகஸ்ட் 5 ஏன் வந்தது?

குமில்லா மெடிக்கோ:
நடுவில் சுட்டுக் கொன்றார்களே, அதை விட்டுவிட்டீர்களே அண்ணா. ரங்பூரில் 16-ம் தேதி போலீஸ் முன்னால் கையை விரித்து நின்று செத்த மாணவர் அபு சயீத் ஓட்டையா கேட்டார்? மிர்பூர் அண்ணா, இந்திய எல்லையில் அகௌரா செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போது இதையெல்லாம் சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும். டாலர் எல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் ஏது?