புதுப்பிப்பு: பாயிண்ட்டை பில்லிலேயே கழித்துவிட்டேன்

கிரெடிட் கார்டில் செலவு செய்ததற்குச் சேர்ந்திருந்த 8,000 பாயிண்ட்டை வவுச்சராக எடுப்பதா, கார்டு பில்லில் கழிப்பதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பில்லில்தான் கழித்தேன்.

என் கார்டில் ஒரு பாயிண்ட்டுக்கு 25 பைசா, ஆக 2,000 ரூபாய். மாற்றுவதற்கு 99 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 116 ரூபாய் 82 காசு. எத்தனை பாயிண்ட் மாற்றினாலும் கட்டணம் அதேதான். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் சேர்த்து எடுங்கள். இன்னொன்று, இதுதான் முக்கியம்: இப்படிக் கழியும் தொகையை என் வங்கி நாம் கட்டிய பணமாக எடுத்துக்கொள்வதில்லை. கெடு தேதிக்குள் பாக்கியைத் தனியாகக் கட்டியே ஆக வேண்டும். பாக்கி வைத்தால் பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. வருஷம் முழுக்கச் சேர்த்த பாயிண்ட் அதிலேயே போய்விடும்.

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்கச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. சனிக்கிழமை மளிகை, மருந்து, காய்கறி எல்லாமே கியூஆர் ஸ்கேனில் முடிந்தது. இஸ்திரிக்கார அண்ணாச்சிக்கு மட்டும் போகவில்லை. அவர் வைத்திருப்பது சொந்தக் கணக்கு, கிரெடிட் கார்டிலிருந்து யுபிஐயில் கடைக் கணக்குக்குத்தான் அனுப்ப முடியும். சரி, அவருக்குக் கையில் காசாகவே கொடுத்தேன்.

அப்புறம், வாடகையைக் கார்டில் கட்டுவது பற்றிக் கேட்ட தங்கைக்கு: பல கார்டுகளில் வாடகைக்கும் பெட்ரோலுக்கும் பாயிண்ட் கிடையாது, கட்டும் முன் விதிமுறையைப் பார்த்துவிடும்மா.