மறு: டிஸ்க் கோல்ஃப் – ‘தொடக்கநிலைத் தடம்’ என்ற சொல் பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தட்டையான வட்டை எறிந்து, கோல்ஃப் போலவே குறைந்த எறிகளில் இலக்கை எட்டும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அதன் ‘பிகினர் கோர்ஸ்’ என்பதற்குத் ‘தொடக்கநிலைத் தடம்’ பொருந்துமா என்ற கேள்விக்கு வருமுன், ஆட்டத்தின் பெயரைப் பற்றி ஒரு சொல்: இங்கே முன்மொழியப்பட்ட ‘வட்டுக் குழிப்பந்து’ என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த ஆட்டத்தில் பந்தும் இல்லை, குழியும் இல்லை. இந்த ஆட்டத்தின் முன்னோடியான எட் ஹெட்ரிக் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான ஆடுகளத்தை அமைத்தபோது இலக்குகளாக நின்றவை வெறும் கம்பங்களே. எறிந்த வட்டு மோதி வேகமிழந்து விழும்படியான சங்கிலிக் கூடை அதற்குப் பின் வந்தது. ஆகவே கோல்ஃபில் குழியைக் குறிக்கும் ‘ஹோல்’ என்பதற்கு இங்கே ‘கூடை’ என்றே சொல்லலாம்: ‘18 கூடைத் தடம்’. ஆட்டத்தின் பெயருக்கு, எஸ்தோனியர்கள் ‘கெட்டாகோல்ஃப்’ என்று முன்பாதியை மட்டும் தம் மொழியாக்கிக்கொண்டதைப் போல, ‘வட்டுக்கோல்ஃப்’ போதும்.

‘வட்டு’ நமக்குப் பழைய விளையாட்டுச் சொல். ‘அரங்கின்றி வட்டாடியற்றே’ என்கிறது குறள். வேப்பமர நிழலில் அரங்கு கீறி நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடும் சிறுவர்களை நற்றிணை காட்டுகிறது. அந்த ‘அரங்கு’ இன்று கூரையும் இருக்கையும் உள்ள இடமாகிவிட்டதால், மரங்களுக்கிடையே நடந்து ஆடும் வெளிக்கு அது ஒத்துவராது. ‘வட்டுத்தடம்’ என்றாலோ கணினிக்காரர்கள் வன்வட்டின் தடத்தை நினைப்பார்கள். ‘கோர்ஸ்’ எனப்படும் ஆடுவெளிக்கு ‘ஆடுதடம்’ என்பது என் பரிந்துரை.

இனி ‘தொடக்கநிலைத் தடம்’ என்பதற்கு வருகிறேன். எளிது, கடினம் என்பதைத் தடத்தின் மேல் ஏற்றிச் சொல்வது பெரும்பாலும் பிழையாகிவிடுகிறது. மாசசூசெட்ஸின் லெஸ்டரில், கிறிஸ்துமஸ் மரப் பண்ணைக்குள் அமைந்த மேப்பிள் ஹில்லில், பொன் நிற எறிமேடையில் (ஒவ்வொரு கூடைக்கும் முதல் எறியைத் தொடங்கும் இடம்) நிற்பவர் முதல் எறியிலேயே குளத்தைத் தாண்ட வேண்டும். அதே இடத்தில் எளிதாக ஆடுவதற்கான வேறு மேடைகளும் உண்டு. தொடக்க ஆட்டக்காரருக்கு ஏற்ற தடமா என்று கேட்டால், எந்த எறிமேடையிலிருந்து என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் விடை சொல்ல முடியாது. எனவே ‘டீ’ என்பதற்கு ‘எறிமேடை’ என்று கொண்டு, நிலையைக் குறிக்கும் அடையை அதனுடன் சேர்க்க வேண்டும்: பச்சை மேடை, சிவப்பு மேடை, அவற்றுக்கு மேல் வெள்ளை, நீலம், பொன்.

இதை நான் பட்டே அறிந்தேன். டெக்சாஸில் மகன் வீட்டருகே உள்ள பூங்காவுக்குச் சென்ற முதல் நாள், கடையில் கேட்டு வாங்கிய, வேக எண் 12 பொறித்த வட்டை, பின்கோடி மேடையிலிருந்து வலக்கையால் வீசினேன். அது 40 மீட்டர்கூடப் போகாமல் இடப்புறம் சாய்ந்து புதருக்குள் நுழைந்தது. அத்தகைய வட்டு நேராகப் பறக்கக் கைவேகம் மிகுதியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் முன்மேடைக்கு வந்து, கூடைக்கருகே எறிவதற்கான தடித்த விளிம்பு வட்டை எடுத்தபோது அதே தடம் வேறாகத் தெரிந்தது. (மனைவி அப்போதும் என்னை வென்றார்.)

‘ரெக்ரியேஷனல்’ என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பேச்சுவழக்கில் அது பொழுதுபோக்காக ஆடுபவரைக் குறிக்கும், இந்த ஆட்டத்துக்கான பி.டி.ஜி.ஏ. சங்கத்தின் போட்டிகளிலோ, இருபாலரும் ஆடும் பொது வரிசையில், அது தரவெண் (போட்டி ஆட்டங்களைக் கொண்டு ஒருவரின் திறனுக்குத் தரும் எண்) 900க்குக் கீழுள்ளோருக்கான பிரிவு. அதற்குக் கீழே 850ஐ வரம்பாகக் கொண்ட ‘நோவிஸ்’ பிரிவும், மேலே 935ஐ வரம்பாகக் கொண்ட ‘இன்டர்மீடியட்’ பிரிவும் உள்ளன. தரவெண் பெறுமளவு போட்டிகளில் ஆடியவரைப் ‘பொழுதுபோக்கு ஆட்டக்காரர்’ என்று எழுதினால், ஞாயிறு மாலையில் குழந்தைகளோடு பூங்காவுக்கு வருபவரும் அவரும் ஒருவராகிவிடுவர். ஆகவே பிரிவுப் பெயர்களாகத் தொடக்கநிலை, பயில்நிலை, இடைநிலை என்று வைத்துக்கொண்டு, ‘பொழுதுபோக்கு’ என்பதைப் பொதுப்பொருளுக்கே விட்டுவிடலாம்.

‘பயில்நிலை’ மட்டும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர் என்ற சாயல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.