மறு: கலைச்சொல் வேண்டும் – அணிசேர்ப்புரை, அணிகாப்புரை

ஈப்போ ஐயாவுக்கு வணக்கம்.

யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவருக்கு நான் கலைச்சொல் கேட்டதற்கு நீங்கள் தந்த ‘மதில்மேல் பூனை வாக்காளர்’ பேச்சுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மலாய்க்காரர்கள் சொல்லும் ‘அத்தாஸ் பாகா’ருக்கும் (வேலிமேல்) பக்கத்தில் வருகிறது. ஆனால் செய்தியில் போட முடியாது ஐயா. பூனை என்றதுமே ஓர் ஏளனம் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் அடுத்துத் தந்த ‘ஊசல் வாக்காளர்’ வேறு ஆள். போன தேர்தலில் ஒரு கட்சிக்கும் இந்தத் தேர்தலில் இன்னொன்றுக்கும் போடுகிறவர். அவர் எப்போதோ முடிவெடுத்திருக்கலாம். நாம் தேடுகிறவருக்கு ‘முடிவெடுக்காதவர்’ போதும். அவருக்கு நேர்மாறாக, ஏற்கெனவே ஒரு கட்சியோடு உறுதியாக நிற்பவருக்கு ‘அணியாளர்’ என்று எழுதி வருகிறேன்.

எனக்கு இடிப்பது ஆள் இல்லை, பேச்சு. வேட்பாளர் விவாத மேடையில் வாக்காளரை நோக்கிச் செய்கிற ‘அப்பீல்’. அகராதியைப் பார்த்து ‘முறையீடு’ என்று போட்டால் நீதிமன்ற வாசலில் கொண்டுபோய் விடுகிறது. ‘வேண்டுகோள்’ என்றால் ரத்த தானம்.

2024 செப்டம்பர் 11, நமக்குக் காலை 9 மணி. பிலடெல்பியாவில் முந்தின நாள் இரவு. பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக் (நம் ஆற்றிய பால் தேநீர்) ஆடை கட்டும்வரை கைப்பேசியில் அமெரிக்க அதிபர் தேர்தலின் ஹாரிஸ்–டிரம்ப் விவாதத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தாமும் தம் துணை அதிபர் வேட்பாளர் டிம் வால்ஸும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தான், யாருடைய துப்பாக்கியையும் பிடுங்கப் போவதில்லை என்றார் ஹாரிஸ். தம் கட்சிக்காரர்களைக் குளிர்விக்கும் பேச்சா இது? வெளியே நிற்பவரைப் பார்த்து ‘பயப்படாமல் வாங்க’ என்பது. ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறிகள் வளர்ப்பு நாய்களைத் தின்கிறார்கள் என்றார் டிரம்ப். நெறியாளர் அங்கேயே மறுத்தார், டிரம்ப் விடவில்லை. அது உள்ளே இருப்பவரின் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்வது.

முதலாவதை அணிசேர்ப்புரை என்றும் இரண்டாவதை அணிகாப்புரை என்றும் சொன்னால் என்ன?

பழைய விவாதங்களில் உரசிப் பார்த்தேன். 1980இல் ரீகன் ‘நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா?’ என்று கேட்டது அணிசேர்ப்புரை. கட்சிப் பெயரே இல்லாத கேள்வி. 2016 செயின்ட் லூயிஸ் விவாதம்தான் சுவையானது. கேள்வி கேட்க மேடையைச் சுற்றி உட்கார வைக்கப்பட்டவர்கள் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் தேர்ந்தெடுத்த முடிவெடுக்காதவர்கள். அவர்கள் நடுவில் நின்றுகொண்டு, தாம் அதிபராக இருந்தால் எதிர் வேட்பாளர் ஹிலாரி சிறையில் இருப்பார் என்றார் டிரம்ப். முகம் அவர்கள் பக்கம், சொல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும் அணிக்கு. யார் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்துப் பெயரிட்டிருந்தால் இங்கே சொல் கவிழ்ந்திருக்கும். பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதா? எதிரணியைத் திட்டுவது நடுவர் காதுக்கா, முன்வரிசைக் கைதட்டலுக்கா?

பினாங்கு அக்கா தனிமடலில் ஒரு குட்டு வைத்தார்: ‘தம்பி, உட்கட்சித் தேர்தல் விவாதத்தில் எல்லாரும் ஒரே அணிதானே? அங்கே யாரைக் காப்பது, யாரைச் சேர்ப்பது?’ நியாயம்தான். அப்படியானால் ‘அணி’ என்பது கட்சி அல்ல, அந்த வேட்பாளரின் பின்னால் நிற்கும் கூட்டம் என்று வரையறுக்க வேண்டும். அதனால் மேலே நான் எழுதிய ‘அணியாளரை’ திரும்பப் பெறுகிறேன். அவர் ‘கட்சிப் பற்றாளர்’ ஆகவே இருக்கட்டும். உரைகள் இரண்டையும் மட்டும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா, ஐயா?

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து