ஜென்டூ: கரண்ட் போன பிறகு ‘லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3: ஃபைல் டூ ஷார்ட்’

குலசேகரம்

எல்லாருக்கும் வணக்கம். ஜென்டூ (பேக்கேஜ்களை சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணும் லினக்ஸ்), ஏஎம்டி64, ஓப்பன்ஆர்சி, 23.0 ப்ரொஃபைல். ரூட் பார்ட்டிஷனின் ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ். @வேர்ல்ட் அப்டேட் (முழு சிஸ்டம் அப்டேட்) ஓடிக்கொண்டிருந்தபோது மழையில் ரப்பர் மரம் சாய்ந்து லைன் அறுந்தது, மெஷின் சட்டென்று அணைந்துவிட்டது. இப்போது பூட் ஆகிறது, லாகின் வருகிறது. ஆனால் டபிள்யூகெட், எஸ்எஸ்ஹெச், மாட்ப்ரோப் (டிரைவர் மாட்யூல் ஏற்றுவது) எதைக் கூப்பிட்டாலும் ஒரே பிழை:

எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்: /யூஎஸ்ஆர்/லிப்64/லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3: ஃபைல் டூ ஷார்ட்

வைஃபை மாட்யூல் ஏறாததால் நெட்டும் இல்லை. லைப்ரரி இணைப்பு உடைந்த பேக்கேஜ்களைத் தேடித் திரும்பக் கட்டும் ரிவ்டெப்-ரீபில்டை --ப்ரிடெண்ட் (வெறும் ஒத்திகை) வைத்து ஓட்டினால் நூற்றுக்கு மேல் பேக்கேஜ் காட்டுகிறது. அத்தனையையும் திரும்ப கம்பைல் பண்ணணுமா? பக்கத்தில் ஒரு உபுண்டு லேப்டாப் இருக்கிறது. அதிலிருந்து லிப்கிரிப்டோவை எடுத்து /யூஎஸ்ஆர்/லிப்64-இல் போட்டுவிடலாமா?

தக்கலை

ரிவ்டெப்-ரீபில்டை ஓட்டாதீங்க தம்பி. உடைந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜின் லிப்கிரிப்டோ லைப்ரரி. அதைப் பயன்படுத்தும் நூறு பேக்கேஜும் நல்லாத்தான் இருக்கு. சோநேம் (பதிப்பு எண்ணோடு சேர்ந்த லைப்ரரி பெயர்) மாறவில்லை, அதே ‘.3’ தான். லைப்ரரி சரியானால் எல்லாம் தானே எழுந்து நிற்கும்.

பிழைச் செய்தியின் கடைசி வார்த்தைகளைப் பார்த்துத்தான் வைத்தியம். ‘நோ சச் ஃபைல்’ என்றால் லைப்ரரி அங்கே இல்லை. பெரும்பாலும் சோநேம் மாறியிருக்கும். @ப்ரிசர்வ்ட்-ரீபில்ட், ரிவ்டெப்-ரீபில்ட் எல்லாம் அதற்குத்தான். ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.33 நாட் ஃபவுண்ட்’ போல வந்தால் புது ஜிசிசியில் (கம்பைலர்) கட்டியதைப் பழைய லிப்எஸ்டிடிசி++ (அதன் சி++ லைப்ரரி) வைத்து ஓட்டுகிறீர்கள். அந்தப் புது ஜிசிசியைத் திரும்பப் போட்டால் போதும். ‘ஃபைல் டூ ஷார்ட்’ என்பது இரண்டும் இல்லை. ஃபைல் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஃபைலின் பெயர் ஜர்னலில் ஏறிவிடும், டேட்டா இன்னும் ரேமில் இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் பூஜ்யம் பைட்டில் ஒரு ஃபைல் மிஞ்சும்.

முதலில் எத்தனை ஃபைல் போயிருக்கிறது என்று பாருங்க:

ஃபைண்ட் /யூஎஸ்ஆர்/லிப்64 -டைப் எஃப் -நேம் '*.எஸ்ஓ*' -சைஸ் 0

அடுத்து /வார்/லாக்/எமெர்ஜ்.லாக் கடைசிப் பகுதி. ‘மெர்ஜிங்’ (கட்டியதை சிஸ்டத்தில் ஏற்றுவது) என்ற வரி இருந்து ‘கம்ப்ளீட்டட் எமெர்ஜ்’ வராத பேக்கேஜ்தான் பாதியில் நின்றது. /வார்/டிபி/பிகேஜி/டெவ்-லிப்ஸ் உள்ளேயும் ‘-மெர்ஜிங்-’ என்று தொடங்கும் டைரக்டரி கிடக்கும்.

இனி நெட் இல்லாமலே சரிபண்ணலாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லை மெர்ஜ் பண்ணும்போதுதானே கரண்ட் போனது. அப்படியென்றால் சோர்ஸ் டார்பால் /வார்/கேஷ்/டிஸ்ட்ஃபைல்ஸில் இருக்கும், போர்டேஜ் (ஜென்டூவின் பேக்கேஜ் மேனேஜர், அதன் கமாண்ட்தான் எமெர்ஜ்) டார்பாலை இறக்க டபிள்யூகெட்டைக் கூப்பிடவே கூப்பிடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் கட்ட பெர்ல், மேக், ஜிசிசி போதும், பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் தேவையில்லை. போர்டேஜ் பைத்தானில் ஓடுவது. டார்பாலைச் சரிபார்க்க உதவும் பைத்தானின் ஹேஷ்லிப், லிப்கிரிப்டோ இல்லாவிட்டால் தன்னிடம் உள்ள பிளேக்2, எஸ்ஹெச்ஏ512 கோடை எடுத்துக்கொள்ளும், அதனால் எமெர்ஜும் ஓடும்.

எமெர்ஜ் --ஒன்ஷாட் --நோடெப்ஸ் =டெவ்-லிப்ஸ்/ஓப்பன்எஸ்எஸ்எல்-(லாகில் உள்ள வெர்ஷன்)

--ஒன்ஷாட் என்றால் வேர்ல்ட் பட்டியலில் சேர்க்காமல் கட்டுவது. --நோடெப்ஸ் (சார்பு பேக்கேஜ்களைப் பார்க்காமல் விடுவது) இந்த ஒரு தடவைக்கு மட்டும். மேக்.கான்ஃபில் (போர்டேஜின் செட்டிங்ஸ் ஃபைல்) நீங்களே ‘கொலிஷன்-ப்ரொடெக்ட்’ போட்டிருந்தால் பாதி ஏறிய ஃபைல்களைப் பார்த்து மெர்ஜ் நின்றுவிடும், அதை எடுத்துவிடுங்க. டிஃபால்டாக இருக்கும் ‘ப்ரொடெக்ட்-ஓன்ட்’ தடுக்காது.

/வார்/டிஎம்பி/போர்டேஜில் கட்டி முடித்த இமேஜ் கிடக்கிறதே, ஈபில்ட் க்யூமெர்ஜ் (ஏற்றும் வேலையை மட்டும் செய்வது) பண்ணினால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். வேண்டாம். அந்த டைரக்டரியும் ரூட்டும் ஒரே பார்ட்டிஷன் என்றால் போர்டேஜ் ஃபைலைக் காப்பி பண்ணாது, நகர்த்தும். ஏற்கனவே நகர்ந்துபோன லிப்கிரிப்டோ அந்த இமேஜில் இருக்காது.

உபுண்டு ஃபைலை /யூஎஸ்ஆர்/லிப்64-இல் போடவே கூடாது. டார்பால் காணாமல் போயிருந்தால் மட்டும் தற்காலிகமாக: லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ இரண்டையும் ஒரே மெஷினிலிருந்து /ரூட்/மீட்பு என்ற டைரக்டரிக்கு எடுத்து, எல்டி_லைப்ரரி_பாத்=/ரூட்/மீட்பு என்று டபிள்யூகெட் கமாண்டுக்கு முன்னால் மட்டும் போட்டு ஓட்டலாம். அந்த உபுண்டுவின் ஜிலிப்சி (எல்லா ப்ரோகிராமுக்கும் அடிப்படையான சி லைப்ரரி) உங்களுடையதை விடப் புதிதாக இருந்தால் அதுவும் ஓடாது.

குலசேகரம்

ரொம்ப நன்றி அண்ணா. டார்பால் இருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டி முடிந்தது, மாட்ப்ரோப் ஓடுகிறது, வைஃபை வந்துவிட்டது. ஃபைண்ட் இப்போது ஒன்றும் காட்டவில்லை. ‘-மெர்ஜிங்-’ டைரக்டரியும் இப்போது இல்லை. இது போதுமா?

தக்கலை

போதாது. -சைஸ் 0 பூஜ்யம் பைட் ஃபைலை மட்டும்தான் பிடிக்கும். அளவு சரியாக இருந்து உள்ளே பாதி வெறும் பூஜ்யமாக நிரம்பியதும் இருக்கலாம்; அது ‘இன்வேலிட் ஈஎல்எஃப் ஹெடர்’ என்றோ, எதுவும் சொல்லாமல் க்ராஷ் ஆகியோதான் வெளியே தெரியும். ஈக்வெரி செக் '*' ஓட்டுங்க. இன்ஸ்டால் பண்ணியபோது பதிந்த எம்டி5-ஐ ஒவ்வொரு ஃபைலோடும் ஒப்பிடும். /ஈடிசி கீழே நீங்கள் கைவைத்த ஃபைல்களும் பட்டியலில் வரும், அவற்றை விட்டுவிடலாம். மற்றவற்றின் பேக்கேஜை ஒன்ஷாட்டில் திரும்பக் கட்டுங்க.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எம்டி5 பதிந்த ‘கன்டென்ட்ஸ்’ ஃபைலே காலியாகிவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது, பேக்கேஜ் ‘சரி’ என்றே வரும். /வார்/டிபி/பிகேஜி உள்ளே பூஜ்யம் அளவுள்ள கன்டென்ட்ஸைத் தேடுங்க. விர்ச்சுவல், மெட்டா பேக்கேஜ்களுக்கு அது இயல்பாகவே காலி. வேறு பேக்கேஜில் கண்டால் அதையும் திரும்பக் கட்டணும். பிறகு @வேர்ல்ட் அப்டேட்டை முதலிலிருந்து ஓட்டலாம்.

கருங்கல்

தக்கலை அண்ணன் சொன்னது லிப்கிரிப்டோ என்பதால் உள்ளேயிருந்தே முடிந்தது. ஜிலிப்சியின் லிப்சி.எஸ்ஓ.6 இப்படி ஆகியிருந்தால் எல்எஸ் கூட ஓடாது. ஜென்டூவில் பிஸிபாக்ஸ் (பல கமாண்டுகள் ஒன்றாக உள்ள ப்ரோகிராம்) டிஃபால்டாக ஸ்டாட்டிக், வெளி லைப்ரரி அதற்குத் தேவையில்லை, அதனால் அது உயிரோடு நிற்கும். அப்போது லைவ் யூஎஸ்பியில் பூட் பண்ணி, /எம்என்டி/ஜென்டூவில் மவுண்ட் பண்ணி, க்ரூட் போகும் (அந்த டிஸ்கையே ரூட்டாக வைத்து உள்ளே நுழையும்) முன்பே ஜிலிப்சியை வெளியிலிருந்து வைக்கணும். 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே பைனரி பேக்கேஜ் தருகிறது, ஃபோனில் இறக்கினாலும் போதும். ஜிபிகேஜி.டார் என்பது டாருக்குள் டார். உள்ளே இருக்கும் இமேஜ்.டாரை --ஸ்ட்ரிப்-காம்பொனன்ட்ஸ்=1 --கீப்-டைரக்டரி-சிம்லிங்க் போட்டு /எம்என்டி/ஜென்டூவில் விரித்துவிட்டு, க்ரூட் போய் ஜிலிப்சியை முறையாக ஒன்ஷாட் பண்ணுங்க. வெர்ஷன் முன்பு இருந்ததற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கணும், கீழே போனால் மற்ற ப்ரோகிராம்கள் ‘ஜிலிப்சி_2.xx நாட் ஃபவுண்ட்’ என்று நிற்கும்.

இந்த வேலையே வராமலிருக்க மேக்.கான்ஃபின் ஃபீச்சர்ஸில் ‘பில்ட்பிகேஜி’ சேர்த்துவிடுங்க. கட்டும் ஒவ்வொன்றும் /வார்/கேஷ்/பின்பிகேஜிஸில் பைனரியாக நிற்கும், அடுத்த முறை --யூஸ்பிகேஜி போதும். ‘மெர்ஜ்-சின்க்’ டிஃபால்டாகவே உண்டு, வேகத்துக்காக அதை நிறுத்தியிருந்தால் திரும்பப் போடுங்க. ஆனால் அது மெர்ஜ் முடிந்த பிறகு டிஸ்கில் எழுதுவது, மெர்ஜ் நடுவில் கரண்ட் போனால் காப்பாற்றாது.

நம்ம குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்கம் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், பாருங்க. நார்மலில் இருந்தால் மாறும் இடைவெளி அதிகம். ஃபேனும் லைட்டும் தாங்கும், டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் பக்கம் வைத்துவிட்டு, மெயினை ஒருமுறை அணைத்துப் பாருங்க. மெஷின் நிற்காமல் ஓடினால் அப்டேட்டைத் தொடங்கலாம்.