மடிக்கணினியின் தேதி 2019க்குப் போகிறது, கிராபிக்ஸ் டிரைவரும் ஏறவில்லை

கேள்வி: கானாடுகாத்தான் வாசி

வணக்கம். என் தம்பி மகன் கேம் விளையாடுவதற்காக 2020இல் வாங்கிய மடிக்கணினி, அவன் வேலைக்குப் போனபின் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில் எட்டு மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காக வீட்டைத் திறந்தபோது எடுத்து இயக்கினேன். சார்ஜரைக் கழற்றி ஓர் இரவு விட்டுவிட்டால், மறுநாள் தேதி 2019 ஜனவரி 1 என்று காட்டுகிறது. இணைய நேரத்தோடு ஒத்திசைக்கச் சொன்னாலும் பிழை வருகிறது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதன்று என்கிறது. பேட்டரியில் கால் மணி நேரம்கூட ஓடுவதில்லை.

இதற்கிடையில் திரைப்படத்தைக் காட்டும் சில்லை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவ முயன்றேன், பாதியில் நின்றுவிட்டது. இப்போது கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 43 என்ற பிழை எண்ணும் தெரிகின்றன. பக்கத்து ஊர்க் கடையில் காட்டினேன். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள். அது உண்மைதானா?

மறுமொழி: தேவகோட்டை பழுதுநீக்குநர்

அண்ணன் அவர்களுக்கு, மதர்போர்டைப் பற்றி இப்போதே நினைக்க வேண்டாம். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பது உள்ளே இருக்கும் சிறிய சிமோஸ் பேட்டரி. பல மடிக்கணினிகளில் பெரிய பேட்டரியும் அந்தக் கடிகாரத்திற்கு மின்சாரம் தருவதால், சிறியது செத்துப்போனது வெளியில் தெரியாமலேயே இருக்கும். பெரியதும் வற்றிய இரவில்தான் குட்டு உடையும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயிருக்கின்றன.

தேதி பின்னால் இருந்தால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று கணினி கருதிக்கொள்ளும். அதனால் தளங்களும் திறவா, டிரைவரும் ஒழுங்காக இறங்காது. வீட்டுக் கணினியில் விண்டோஸ் நேரச் சேவை 15 மணி நேரத்திற்கு மேற்பட்ட வேறுபாட்டை இயல்பாகத் திருத்துவதில்லை. உங்களுடையதோ ஆண்டுக்கணக்கில் பின்தங்கியிருக்கிறது. ஆகவே தேதியை முதலில் கையால் சரிசெய்து, பிறகு ஒத்திசையுங்கள்.

பேட்டரியைப் பொறுத்தவரை, பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032 வில்லைதான். ஆனால் பிளாஸ்டிக் உறையிட்டு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகளுடன் சிறிய சொருகியில் முடியும். கம்பியோடு சேர்த்தே வாங்குங்கள். வெறும் வில்லையில் நீங்களே பற்றவைக்க வேண்டாம், அது வெடிக்கக்கூடும். மூடியைத் திறந்ததும் பெரிய பேட்டரியின் இணைப்பை முதலில் பிரித்துவிடுங்கள்.

மறுமொழி: பள்ளத்தூர் நிரலாளர்

மேலே சொன்னது சரி, ஆனால் இரண்டு திருத்தங்கள். முதலாவது, 43ஆம் எண் கடிகாரத்தால் வருவதன்று. சாதனமே தன்னிடம் கோளாறு என்று தெரிவிக்கும்போது விண்டோஸ் காட்டும் எண் அது. பாதியில் நின்ற டிரைவராலும் வரலாம், சில்லு பழுதானாலும் வரலாம். ஆகவே தேதி சரியானதும், மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாதிரி எண்ணுக்குரிய, பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸ், தனிச் சில்லு ஆகிய இரண்டின் டிரைவர்களையும் இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் (விண்டோஸ் குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் எழும்பும் நிலை) டிடியு (DDU) என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு பழைய எச்சங்களைத் துடைத்துவிடுங்கள். இணையம் இருந்தால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தனக்குத் தோன்றிய டிரைவரை ஏற்றிவிடும். பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸுக்கு முதலில், தனிச் சில்லுக்கு அடுத்து என்ற வரிசையில் நிறுவுவது நல்லது.

இரண்டாவது, சிமோஸ் பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் (விண்டோஸுக்கு முன் கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். சேமிப்பகத்தின் இயக்கமுறை மாறிவிட்டால் விண்டோஸே எழும்பாமல் போகும். எனவே பயாஸ் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வட்டைப் பூட்டிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்பின்னாக இருந்தால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பதால், ஒன்று உள்ளூர் நேரத்தையும் மற்றது உலக நேரத்தையும் எழுதுகின்றன என்பதே அதற்குக் காரணம்.

மறுமொழி: கானாடுகாத்தான் வாசி

இருவருக்கும் நன்றி. காரைக்குடியில் கம்பியோடு கூடிய பேட்டரியை வாங்கி, முற்றத்து வெளிச்சத்தில் பாயை விரித்து உட்கார்ந்து மாற்றினேன். பழையதை மல்டிமீட்டரில் வைத்தபோது 1.4 வோல்ட்தான் காட்டியது. மீட்புச் சாவி தம்பி மகனுடைய கணக்கில் இருந்ததால் தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்தேன். கணினி அதைக் கேட்கவும் செய்தது. மூன்று இரவுகளாகத் தேதி மாறவில்லை.

தேதியைத் திருத்திய பின்பும் 43 அப்படியே இருந்தது. நீங்கள் சொன்ன வரிசையில் டிரைவர்களை நிறுவிய பிறகே மஞ்சள் முக்கோணம் மறைந்தது. பெரிய பேட்டரிக்கு மட்டும் இன்னும் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.